எஸ்பிஆர் படக்கருவி: முப்பட்டகம் முதல் பிணைப்பு வளைகோடு வரை முழுமையான வழிகாட்டி

தங்கப் படலத்தின் மேல் ஒரு புரதம் இன்னொன்றோடு பிணைவதைச் சாயமோ ஒளிர்குறியோ இல்லாமல் நேரடியாகப் படம்பிடிக்கும் முறை மேற்பரப்பு பிளாஸ்மோன் (தங்கப் பரப்பில் ஓடும் எலக்ட்ரான் அலை) ஒத்திசைவுப் படமாக்கம். ஆய்வகப் பேச்சில் எஸ்பிஆர் இமேஜிங். முப்பட்டகம், தங்கம், கேமரா, பம்பு ஆகியவற்றை மேசையில் கூட்டி ஒரு கருவியாக்குவோருக்கான வழிகாட்டி இது. ஆயத்தக் கருவி வைத்திருப்போருக்கும் 7ஆம் படியிலிருந்து பொருந்தும்.

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் ஒளி அடங்க வேண்டும், பிறகு நீர், கடைசியில்தான் வேதியியல். வெறும் தங்கமும் வெறும் நீரும் இருக்கும்போதே படம் ஆடினால், அதன்மேல் எந்த ஆன்டிபாடியைப் போட்டாலும் ஆடும். அப்போது பழி வேதியியல் மீது விழும். வாரக்கணக்கில் நேரம் போகும்.

1. கையில் இருக்க வேண்டியவை

625 முதல் 635 நானோமீட்டருக்குள் ஒளிரும் சிவப்பு எல்இடி, அதற்கு நிலையான மின்னோட்டம் தரும் இயக்கி, 10 நானோமீட்டர் அகலமுள்ள பட்டை வடிகட்டி, 200 மைக்ரோமீட்டர் ஊசித்துளை, 100 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள நிறப்பிறழ்ச்சியற்ற லென்ஸ், சுழலும் தாங்கியில் ஒரு போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது). கோணம் மாற்ற 0.01 டிகிரி துல்லியமுள்ள சுழல்மேடை. பார்க்க 12 பிட் கேமராவும் டெலிசென்ட்ரிக் லென்ஸும் (தொலைவு மாறினாலும் உருவ அளவு மாறாத லென்ஸ்). ஓட்ட சிரிஞ்சு பம்பு, ஊசி வால்வு, ஃப்ளோ செல் (தங்கத்தின் மேல் திரவம் ஓடும் சிறு அறை). இவற்றோடு வெப்பநிலையை நூறில் ஒரு பங்கு டிகிரி வரை காட்டும் உணரி.

பட்டியலில் பலரும் தவிர்க்க நினைப்பது கடைசிப் பொருளைத்தான். நீரின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.0001 மாறும். நாம் பார்க்க விரும்பும் மாற்றமோ 0.000001 அளவில் இருக்கிறது. 0.01 டிகிரி வெப்ப மாற்றமே ஒரு போலிப் பிணைப்பை வரைந்துவிடும். அறை குளிர்சாதனம் ஓடி நிற்கும் தாளம் அப்படியே வளைகோட்டில் தெரியும்.

லேசர் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஒரே கோணத்தில் ஒரே புள்ளியை அளக்க லேசர் போதும். படமெடுக்க அது தொல்லை: ஒளிப்பாதையின் ஒவ்வொரு தூசியும் வளையமாகவும், ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் வரிகளாகவும் படத்தில் வந்து உட்காரும். வடிகட்டிய எல்இடியில் இந்தச் சிக்கல் பெருமளவு போய்விடும்.

2. அலைநீளம், முப்பட்டகம்: இரண்டையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

இந்த முடிவை எடுத்தபின் மாற்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். ஆகவே இங்கே நிதானம் தேவை.

633 நானோமீட்டரில் தங்கம்–நீர் இடைமுகத்தில் ஓடும் பிளாஸ்மோன் அலை 3 முதல் 4 மைக்ரோமீட்டரில் தணிந்துவிடும். 800 நானோமீட்டரில் அது 20 மைக்ரோமீட்டர் அளவுக்குப் போகும். படத்தின் கூர்மை அலை ஓடும் திசையில் இந்த நீளத்தைத் தாண்டிச் சிறக்காது. எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸ் போட்டாலும் அப்படித்தான். மறுபுறம், அகச்சிவப்பை நெருங்க நெருங்க ஒத்திசைவுப் பள்ளம் (ஒளி பிளாஸ்மோனுக்குள் போய்விடுவதால், குறிப்பிட்ட கோணத்தில் எதிரொளிப்பு விழும் இடம்) குறுகி, உணர்திறன் கூடும். அரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள, தங்கத்தில் ஒட்டிவைக்கும் புரதப் புள்ளிகளைப் பார்க்க எது வேண்டுமானாலும் சரி. உயிரணு அளவிலான நுண்மை வேண்டுமென்றால் 633 பக்கம் நில்லுங்கள்.

அடுத்தது முப்பட்டகம். எளிதில் கிடைக்கும் பிகே7 கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.515. அதில் 633 நானோமீட்டருக்கு ஒத்திசைவு 72 முதல் 73 டிகிரி உட்கோணத்தில் (கண்ணாடிக்குள் தங்கத்தின் மேல் ஒளி விழும் கோணத்தில்) வரும். 45 டிகிரி செங்கோண முப்பட்டகத்தை எடுத்தால் ஒளி உள்ளே நுழையும் வெளிக்கற்றை அடிப்பரப்புக்கு ஏறக்குறைய இணையாகவே போக வேண்டியிருக்கும், தாங்கிகள் இடிக்கும். படமும் ஒரு திசையில் நான்கில் ஒரு பங்காக நசுங்கும். வட்டப் புள்ளி மெல்லிய கோடாகத் தெரியும்.

எஸ்எஃப்10 கண்ணாடியில் எண் 1.723. ஒத்திசைவு சுமார் 57 டிகிரி. 60 டிகிரி சமபக்க முப்பட்டகத்தில் ஒளி முகத்தைக் கிட்டத்தட்ட நேராகவே கடக்கும், நசுங்கல் 0.54 அளவோடு நின்றுவிடும். படமாக்கத்துக்கு இதுவே நம் பரிந்துரை.

இங்கே ஒரு வாதம் அடிக்கடி எழும்: பிகே7இல் ஒளிவிலகல் எண் மாற்றத்துக்குக் கோணம் அதிகம் நகர்கிறதே, உணர்திறன் கூடுதல் இல்லையா? கோணம் இரு மடங்கு நகர்வது உண்மை. பள்ளமும் அதே அளவுக்கு அகன்றுவிடுகிறது: எஸ்எஃப்10இல் மூன்றரை டிகிரி என்றால் பிகே7இல் ஏழு. நிலையான கோணத்தில் வெளிச்ச மாற்றத்தை அளக்கும் நமக்கு அதில் லாபம் எதுவும் இல்லை.

3. தங்கப் படலம்

எஸ்எஃப்10 கண்ணாடித் தகட்டில் 2 நானோமீட்டர் குரோமியம் அல்லது டைட்டானியம், அதன்மேல் 48 முதல் 50 நானோமீட்டர் தங்கம். தகடும் முப்பட்டகமும் ஒரே வகைக் கண்ணாடியாக இருக்க வேண்டும். எஸ்எஃப்10 முப்பட்டகத்தின் மேல் சாதாரண நுண்ணோக்கித் தகட்டை வைத்தால் இடையில் எண் மாறுவதால் தேவையற்ற எதிரொளிப்பு சேரும்.

தடிமன் ஏன் இவ்வளவு முக்கியம்? 40 நானோமீட்டருக்குக் கீழே போனால் ஒளி கண்ணாடிக்குள் திரும்பிக் கசிவது கூடி, பள்ளம் அகலமாகவும் ஆழமின்றியும் ஆகும். 60ஐத் தாண்டினால் ஒளி அலையைத் தொடுவதே குறையும். பள்ளம் குறுகலாக, மேலோட்டமாக நிற்கும். பிடிப்புப் படலம் 5 நானோமீட்டரைத் தாண்டினாலும் தொல்லைதான், குரோமியம் ஒளியை வெகுவாக உறிஞ்சும்.

தங்கம் காற்றில் கரிமக் கறையைச் சில மணி நேரத்திலேயே ஏற்றிக்கொள்ளும். பயன்படுத்தும் நாளிலேயே 10 முதல் 15 நிமிடம் புறஊதா–ஓசோனில் வைத்து, எத்தனாலில் 10 நிமிடம் ஊறவைத்து, நைட்ரஜனால் உலர்த்துங்கள். எத்தனால் படியைத் தாண்டக் கூடாது. ஓசோன் உண்டாக்கும் மெல்லிய தங்க ஆக்சைடை அதுதான் போக்குகிறது. ஓசோன் கருவி இல்லையெனில் நீர், அம்மோனியா, ஹைட்ரஜன் பெராக்சைடு 5:1:1 கலவையில் 75 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம். பிரானா கரைசலை (கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும்) பழகாதவர் தொடவே வேண்டாம். கரிமக் கரைப்பான் துளியோடு சேர்ந்தால் வெடிக்கும், மூடிய குப்பியில் வைத்தாலும் வாயு சேர்ந்து வெடிக்கும்.

4. ஒளிக்கற்றையை இணையாக்குங்கள்

எல்இடி ஒளியை ஊசித்துளையில் குவித்து, துளையை 100 மில்லிமீட்டர் லென்ஸின் குவியத்தில் வையுங்கள். 200 மைக்ரோமீட்டர் துளைக்கு விரிவு 0.11 டிகிரி. மூன்றரை டிகிரி அகலப் பள்ளத்துக்கு இது தாராளம். வெளிச்சம் போதவில்லை என்று துளையைப் பெரிதாக்க கை துறுதுறுக்கும். அதற்கு முன் கேமராவின் வெளிப்பாட்டு நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

இணையாகிவிட்டதா என்று பார்க்க, கற்றையை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஒரு தாளில் விழச் செய்து விட்டத்தை அளவுகோலால் அளங்கள். அந்தத் தொலைவில் துளையின் அளவால் வரும் நான்கைந்து மில்லிமீட்டர் விரிவை மட்டும் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் விரிந்தால் துளை லென்ஸுக்கு அருகில் இருக்கிறது, குறுகினால் தூரத்தில்.

பட்டை வடிகட்டியை லென்ஸுக்குப் பின், இணைக்கற்றைக்குள் வையுங்கள். விரியும் ஒளியில் வைத்தால் ஓரத்தில் சாய்வாகப் போகும் கதிருக்கு வேறு அலைநீளம் கடக்கும். வடிகட்டியே தேவையா என்றால், ஆம். 633ஐச் சுற்றி ஒத்திசைவுக் கோணம் ஒரு நானோமீட்டருக்குச் சில நூறில் ஒரு பங்கு டிகிரி நகர்கிறது. வடிகட்டி இல்லாத எல்இடி சூடேறும்போது நிறம் நகரும், அதோடு பள்ளமும் நகரும்.

போலரைசரை எல்லா ஆடிகளுக்கும் பின்னால், முப்பட்டகத்துக்குச் சற்று முன் பொருத்துங்கள். முன்னால் வைத்துவிட்டு இடையில் ஆடி போட்டால் தளவிளைவு, அதாவது ஒளி அதிரும் திசை, கலைந்துவிடும். படுதளத்துக்குள் (விழும் கதிரும் எதிரொளிக்கும் கதிரும் உள்ள தளத்துக்குள்) அதிரும் பி ஒளிதான் பிளாஸ்மோனைத் தூண்டும். அதற்குச் செங்குத்தான எஸ் ஒளி தூண்டாது. அந்தத் தூண்டாமைதான் பின்னால் நமக்கு அளவுகோலாகப் பயன்படும்.

5. கேமராவும் சாய்ந்த தளமும்

தங்கப் பரப்பைக் கேமரா 57 டிகிரி சாய்வில் பார்க்கிறது. சில்லின் (தங்கம் பூசிய தகட்டின்) 10 மில்லிமீட்டர் பார்வைப் பரப்பில் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் உள்ள தொலைவு வித்தியாசம், கண்ணாடி வழியாகப் பார்க்கையில் சுமார் 5 மில்லிமீட்டர். சாதாரணமாகப் பொருத்திய கேமராவில் நடுப்பட்டை மட்டும் கூர்மையாக விழும். இரு வழிகள் உண்டு: கேமரா உணரியை லென்ஸுக்குச் சாய்த்து வைப்பது, அல்லது லென்ஸின் துவாரத்தைச் சுருக்கிக் குவிய ஆழத்தைக் கூட்டுவது. முதலாவது சிறந்தது, பொறுமை கேட்கும். கற்றை இணையாக இருப்பதால் குவியம் தவறிய இடம் வெறும் மங்கலாக இருக்காது; விளிம்பைச் சுற்றி வரிவரியாகத் தெரியும். அந்த வரிகள் நான்கு மூலையிலும் மறையும்வரை சாய்வைத் திருத்துங்கள்.

குவியம் பார்க்கத் தங்கத்தில் அடையாளம் தேவை. பழைய சில்லு ஒன்றை எடுத்து மெல்லிய ஊசியால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டம் கீறிக்கொள்ளுங்கள். கீறல் படத்தில் பளிச்செனத் தெரியும். படம் எந்தத் திசையில் எவ்வளவு நசுங்குகிறது என்பதையும் அதே கட்டத்திலிருந்து அளந்துகொள்ளலாம்.

கேமரா அமைப்பில் தானியங்கி வெளிப்பாடு, தானியங்கி பெருக்கம், காமா திருத்தம் மூன்றையும் அணையுங்கள். காமா 1 இல்லாவிட்டால் பிக்சல் எண்ணுக்கும் வெளிச்சத்துக்கும் நேர்விகிதம் இருக்காது. பின்னால் வரும் எல்லாக் கணக்கும் தவறும். வெளிப்பாட்டு நேரத்தை எஸ் ஒளியில் பார்த்து, உச்ச எண்ணின் 70 முதல் 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். பி ஒளியில் பள்ளத்துக்கு அருகே வைத்து நேரம் குறித்தால், எஸ் படத்துக்குப் போகும்போது நிரம்பி வழியும். கோப்பை 16 பிட் டிஃப் வடிவில் சேமியுங்கள். ஜேபெக் இங்கே ஆகாது.

இரைச்சல் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு பிக்சலில் 10,000 எலக்ட்ரான் சேர்ந்தால் ஒளியின் இயல்பான இரைச்சல் 1 சதவீதம். ஒரு புள்ளிக்குள் 1,000 பிக்சல், அதற்கு 10 பிரேம் சராசரி என்றால் அது 0.01 சதவீதமாக இறங்கும். உங்கள் கருவி இதைவிடப் பல மடங்கு ஆடினால் காரணம் கேமரா அல்ல. எல்இடி இயக்கி, அதிர்வு, அல்லது வெப்பம்.

6. சில்லை முப்பட்டகத்தில் ஒட்டுதல்

இரண்டுக்கும் இடையில் காற்று இருக்கக் கூடாது; ஒளிவிலகல் எண் பொருத்தத் திரவம் வேண்டும். எஸ்எஃப்10க்கு 1.72 அளவிலான திரவம். இந்த உயர் எண் திரவங்களில் டையயோடோமீத்தேன் இருப்பது வழக்கம். கையுறை, காற்றோட்ட அடுக்கு இரண்டும் கட்டாயம். குப்பியை வெளிச்சத்தில் வைத்தால் பழுப்பாகும்.

18 மில்லிமீட்டர் சதுரச் சில்லுக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் போதும், படலம் 10 மைக்ரோமீட்டருக்குள் நிற்கும். புதியவர்கள் ஒரு முழுச் சொட்டை விடுகிறார்கள். மிச்சம் ஓரத்தில் வழிந்து தங்கப் பக்கம் ஏறும், ஃப்ளோ செல்லின் ரப்பருக்குள் போகும், சில்லும் மெல்ல வழுக்கிக்கொண்டே இருக்கும். சொட்டை நடுவில் வைத்து, சில்லின் ஒரு ஓரத்தை முதலில் தொடவிட்டு மெல்லச் சாய்த்து இறக்குங்கள், குமிழி வெளியே தள்ளப்படும். பிறகு அரை மணி நேரம் தொடாதீர்கள். திரவம் பரவி அடங்கும்வரை படமும் நகரும்.

7. கோண வருடல்: வெறும் தங்கம், வெறும் நீர்

முதலில் சுழியைப் பிடியுங்கள். முப்பட்டகத்தின் நுழைமுகத்தில் பட்டுத் திரும்பும் மங்கலான ஒளி ஊசித்துளையிலேயே விழும்படி மேடையைத் திருப்பினால், அது வெளிக்கோணம் 0. 60 டிகிரி முப்பட்டகத்தில் அப்போது உட்கோணம் சரியாக 60.

இங்கிருந்து மேடை 1 டிகிரி திரும்பினால் உட்கோணம் 1 டிகிரி மாறாது. கண்ணாடிக்குள் கதிர் முறிவதால் 0.58 டிகிரிதான் மாறும். மேடை எண்ணை அப்படியே படுகோணமாக எழுதிவிட்டு, கோட்பாட்டோடு பொருந்தவில்லை என்று தங்கத்தின் தடிமனைச் சந்தேகிப்பது வாடிக்கையான பிழை. ஒத்திசைவு 57 டிகிரிக்கு வெளியே சுமார் 5 டிகிரி திருப்ப வேண்டும். ஒளி முழுதாக எதிரொளிக்கத் தொடங்கும் மாறுநிலைக் கோணமான 50.6 டிகிரிக்குச் சுமார் 16 டிகிரி. ஆகவே 18 டிகிரி வரை அந்தப் பக்கமும் 5 டிகிரி இந்தப் பக்கமும் வருடுங்கள்.

சுழல் அச்சு தங்கத் தளத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளி இருந்தால் கோணம் மாற மாறப் படம் கேமராவில் நடந்து போகும். கேமராக் கை முப்பட்டகத்தைப் போல இரு மடங்கு திரும்ப வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒவ்வொரு கோணத்திலும் பி படமும் எஸ் படமும் எடுத்து, இருட்டுப் படத்தை (ஒளியை மறைத்து எடுத்ததை) கழித்து, பி-யை எஸ்-ஆல் வகுங்கள். கற்றையின் சீரற்ற வெளிச்சம், தூசி நிழல், லென்ஸ் ஓர மங்கல் எல்லாம் வகுத்தலில் அடிபட்டுப் போகும். கிடைக்கும் வளைகோட்டின் அடி 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கருவி ஆரோக்கியமாக இருக்கிறது. 20 சதவீதத்தில் நின்றால் போலரைசரைச் சில டிகிரி திருப்பி மிகக் கருமையான இடத்தைத் தேடுங்கள். அங்கும் மாறாவிட்டால் தங்கத்தின் தடிமன்.

இன்னொரு பார்வை: கோணம் திருப்பும்போது படம் முழுதும் ஒரே நேரத்தில் கறுக்க வேண்டும். கருப்புப் பட்டை ஒன்று ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தால் கற்றை இணையாக இல்லை. 4ஆம் படிக்குத் திரும்புங்கள். மென்பொருளால் இதைச் சரிக்கட்ட முயல்வது வீண் வேலை.

வேலைக் கோணத்தைப் பள்ளத்தின் அடியில் வைக்காதீர்கள். அங்கே சாய்வு பூஜ்யம். பள்ளம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் வெளிச்சம் கூடவே செய்யும். சிறிய கோணப் பக்கச் சரிவில், மிகச் செங்குத்தான இடத்தில் வையுங்கள். அந்தப் பக்கம்தான் சரிவு கூர்மையானது. பிணைப்பு நிகழும்போது பள்ளம் பெரிய கோணத்துக்கு நகரும், புள்ளி வெளிச்சமாகும். கோணத்தைப் பூட்டிய பின் மேடையைத் தொடக் கூடாது.

8. நீர் ஓட்டமும் அமைதிச் சோதனையும்

10 × 10 மில்லிமீட்டர் பரப்பும் 0.1 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட செல்லின் கொள்ளளவு 10 மைக்ரோலிட்டர். நிமிடத்துக்கு 50 மைக்ரோலிட்டர் ஓட்டினால் ஒரு நிரப்பு 12 நொடி. முழுமையாக மாற்ற மூன்று முதல் ஐந்து நிரப்பு.

பஃபரை (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசலை) 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, வெற்றிடத்தில் 15 முதல் 20 நிமிடம் வாயு நீக்குங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பஃபரை நேராக ஓட்டவே கூடாது. குளிர்ந்த நீரில் வாயு அதிகம் கரைந்திருக்கும். செல்லுக்குள் வெதுவெதுப்பானதும் குமிழியாக வெளிவரும். குமிழி அரிசி முனையளவு இருந்தாலும் படத்தில் கண்ணைப் பறிக்கும், ஏனெனில் காற்றின் ஒத்திசைவுக் கோணம் வெகு தூரத்தில் இருப்பதால் அந்த இடம் கிட்டத்தட்ட முழுதாக எதிரொளிக்கும். குமிழியைத் தள்ள, எத்தனால் 20 சதவீதம் கலந்த நீரை ஒரு நிமிடம் வேகமாக ஓட்டுங்கள். புரதப் புள்ளி வைத்த சில்லில் மட்டும் எத்தனாலைத் தவிர்த்து, ஓட்ட வேகத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

பஃபர் சீராக ஓட, எல்லாம் இயங்கி ஒரு மணி நேரம் ஆனபின், 30 நிமிடம் எதுவும் செலுத்தாமல் பதிவு செய்யுங்கள். இது சலிப்பூட்டும் படி. தாண்டிப் போகிறவர்களே அதிகம். இந்த அரை மணி நேர அடிக்கோட்டின் நகர்வுதான் நீங்கள் நம்பக்கூடிய மிகச் சிறிய பிணைப்பைத் தீர்மானிக்கிறது. பத்து நிமிடத்துக்கு 0.05 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

எல்இடி நகர்வா, வெப்ப நகர்வா என்று பிரிக்க ஒரு எளிய தந்திரம்: செல்லுக்கு வெளியே, ரப்பருக்கு அடியில் உள்ள தங்கத்தையும் படத்துக்குள் கொண்டுவாருங்கள். அங்கேயும் அதே சதவீதம் நகர்ந்தால் எல்இடி. நீர் படும் இடம் மட்டும் நகர்ந்தால் வெப்பம்.

9. அளவுத்திருத்தம்

சுக்ரோஸ் கரைசல் 0.5, 1, 2 சதவீதம் (எடைக்கு எடை) தயாரியுங்கள். 20 டிகிரியில் நீர் 1.3330, 1 சதவீதம் 1.3344, 2 சதவீதம் 1.3359. ஒரு சதவீதத்துக்கு 0.0014 கூடுகிறது. எஸ்எஃப்10இல் அது 0.11 டிகிரி நகர்வு. சரிவின் நடுவில் எதிரொளிப்பு மூன்று நான்கு சதவீதப் புள்ளிகள் ஏற வேண்டும். ஒன்றுக்கும் குறைவாக ஏறினால் கோணம் தவறான இடத்தில் பூட்டப்பட்டிருக்கிறது.

எதிரொளிப்பு மாற்றம் 10 சதவீதத்துக்குள் இருக்கும்வரை அது எண் மாற்றத்துக்கு நேர்விகிதம் என்று கொள்ளலாம். அதைத் தாண்டினால் சரிவின் தலைப்பகுதி வளைந்து, பெரிய பிணைப்பைச் சிறியதாகக் காட்டும்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் அது இதுதான்: சாய்வை (ஒளிவிலகல் எண் மாற்றத்துக்கு எவ்வளவு வெளிச்சம் மாறுகிறது என்பதை) ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக எடுங்கள். ஒரு புள்ளியில் புரதம் கூடுதலாக இருந்தால் அதன் பள்ளம் ஏற்கெனவே நகர்ந்திருக்கும். நீங்கள் பூட்டிய கோணம் அதற்குச் சரிவின் வேறு இடம். ஒரே அளவு பிணைப்பு இரண்டு புள்ளிகளில் வெவ்வேறு வெளிச்ச மாற்றம் தரும். ஒரே சராசரி எண்ணால் எல்லாவற்றையும் வகுத்துவிட்டு, இந்த ஆன்டிபாடி அதைவிடச் செயலூக்கம் உள்ளது என்று எழுதினால் அது ஒளியியலின் பொய்.

10. உண்மைச் சில்லு

இதுவரை செய்த அனைத்தும் வெறும் தங்கச் சில்லில். புள்ளி வைத்த சில்லைக் கருவி சீரமைக்கப் பயன்படுத்தினால் அது அங்கேயே வீணாகும்.

தூய தங்கத்தை எத்தனாலில் 1 மில்லிமோலார் தயால் (தங்கத்தில் ஒட்டும் கந்தக நுனியுள்ள மூலக்கூறு) கலவையில் 12 முதல் 18 மணி நேரம் ஊறவையுங்கள். 11-மெர்காப்டோஅன்டெகானோயிக் அமிலம் ஒரு பங்கு, 6-மெர்காப்டோஹெக்சனால் ஒன்பது பங்கு நல்ல தொடக்கம். அமிலத்தை மட்டும் நெருக்கமாக அடுக்கினால் புரதங்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும்.

எத்தனாலிலும் நீரிலும் அலசி, அமில நுனிகளைப் புரதம் பிணையும்படி செயலூட்ட, 0.4 மோலார் இடிசியையும் 0.1 மோலார் என்எச்எஸ்ஸையும் சம அளவு அந்த நிமிடமே கலந்து 10 முதல் 15 நிமிடம் வைக்கவும். இடிசி குப்பியை உறைநிலையிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து அது செத்துவிடும். அலசி உலர்த்திய உடனே புள்ளி வையுங்கள், செயலூட்டிய பரப்பு நீரில் தானாகவே அழிந்துகொண்டிருக்கும்.

புள்ளிக்கு 0.5 மைக்ரோலிட்டர், பிஹெச் 5 அசிட்டேட் பஃபர் 10 மில்லிமோலார், ஆன்டிபாடி மில்லிலிட்டருக்கு 50 முதல் 200 மைக்ரோகிராம், உலராமல் இருக்க 5 சதவீதம் கிளிசரால். ஈரப்பதமுள்ள மூடிய பெட்டியில் ஒரு மணி நேரம். வாங்கிய ஆன்டிபாடிக் குப்பியில் டிரிஸ், சோடியம் அசைடு, அல்லது நிலைப்படுத்தப் போட்ட பிஎஸ்ஏ (மாட்டு இரத்த ஆல்புமின் புரதம்) இருந்தால் முதலில் பஃபரை மாற்றுங்கள். பிஎஸ்ஏ இருந்தால் அதையும் தனியாகப் பிரித்து எடுக்க வேண்டும். டிரிஸின் அமீன் பரப்பைத் தானே பிடித்துக்கொள்ளும். பிஎஸ்ஏ இருந்தால் ஆன்டிபாடிக்குப் பதில் அதுதான் ஒட்டும். எதுவும் பிணையவில்லை என்று திரும்பி வரும் சில்லுகளில் பலவற்றின் கதை இதுதான்.

கடைசியில், மிச்சமிருக்கும் செயலூட்டிய இடங்களை மூட, 1 மோலார் எத்தனாலமீன், பிஹெச் 8.5, 10 நிமிடம்.

புள்ளிகளை அடுக்கும்போது ஒவ்வொரு மாதிரிக்கும் குறைந்தது மூன்று, வெவ்வேறு வரிசைகளில். மூன்றையும் ஓட்டத்தின் ஒரே கோட்டில் வைத்தால் முன்புள்ளி உண்டது போக மிச்சம்தான் பின்புள்ளிக்கு. பிஎஸ்ஏ போன்ற எதிர்மறைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளையும் ஓரத்தில் ஒதுக்காமல் நடுவே கலந்து வையுங்கள்.

சில்லைப் பொருத்தியபின் 7, 8, 9ஆம் படிகளை மறுபடியும் செய்ய வேண்டும். கோணம் நகர்ந்திருக்கும்.

11. அளவீடு

ஓட்டப் பஃபராக பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்), அதில் 0.005 சதவீதம் ட்வீன்-20 (தேவையற்ற ஒட்டலைக் குறைக்கும் சோப்பு போன்ற பொருள்). செலுத்தும் மாதிரியும் அதே புட்டியிலிருந்து எடுத்த பஃபரிலேயே இருக்க வேண்டும். மாதிரியில் 1 சதவீதம் டிஎம்எஸ்ஓ (ஒரு கரிமக் கரைப்பான்) மட்டும் கூடுதலாக இருந்தாலே 0.001க்கும் மேலான எண் மாற்றம். நாம் தேடும் சமிக்ஞையை அது விழுங்கிவிடும்.

முதலில் வெறும் பஃபரை மாதிரி போலவே இரண்டு முறை செலுத்துங்கள். வால்வு திரும்புவதால் மட்டும் எவ்வளவு துள்ளல் வருகிறது என்பது தெரியும். பிறகு குறைந்த செறிவிலிருந்து ஐந்து செறிவுகள், எதிர்பார்க்கும் பிரிகை மாறிலியின் (பாதி இடங்கள் பிணைந்திருக்கும் செறிவின்) பத்தில் ஒரு பங்கு முதல் பத்து மடங்கு வரை. ஒவ்வொன்றுக்கும் பிணைய 3 முதல் 5 நிமிடம், பிரிய 10 நிமிடம், பிணைந்ததைக் கழற்றிப் பரப்பை மீட்க 10 மில்லிமோலார் கிளைசின், பிஹெச் 2.0 முதல் 2.5, 30 முதல் 60 நொடி. மீட்டபின் அடிக்கோடு பழைய இடத்துக்கு வராவிட்டால் ஒன்று எல்லாம் கழலவில்லை, அல்லது ஆன்டிபாடி சிதைந்தது. முதல் செறிவை மறுபடி செலுத்திப் பார்த்தால் எது என்று விளங்கும்.

நடுச் செறிவு ஒன்றை நிமிடத்துக்கு 25, 100 மைக்ரோலிட்டர் வேகங்களில் ஓட்டுங்கள். தொடக்கச் சாய்வு வேகத்தோடு கூடினால் நீங்கள் அளப்பது பிணைப்பு வேகத்தை அல்ல, மூலக்கூறு பரப்புக்கு வந்து சேரும் வேகத்தை. புள்ளியில் ஆன்டிபாடியைக் குறைப்பதே மருந்து.

12. கணக்கிடும் வரிசை

இருட்டைக் கழி, எஸ்-ஆல் வகு, புள்ளியின் உள் 70 சதவீதப் பரப்பைச் சராசரி எடு, அந்தப் புள்ளியின் சாய்வால் வகுத்து ஒளிவிலகல் எண்ணாக மாற்று, அதன் பிறகே கட்டுப்பாட்டுப் புள்ளியைக் கழி. கடைசி இரண்டையும் இடம் மாற்றிச் செய்வோர் பலர். சாய்வு வேறுபடும் இரு புள்ளிகளை வெளிச்ச நிலையிலேயே கழித்தால், கரைசலின் மொத்த எண் மாற்றம் முழுதாகக் கழியாது. மிச்சம் பிணைப்புபோல் நிற்கும்.

0.001 எண் மாற்றம் சதுர மில்லிமீட்டருக்கு 1 நானோகிராம் புரதம் என்ற புகழ்பெற்ற மாற்றுக் கணக்கு டெக்ஸ்ட்ரான் பூசிய சில்லுகளுக்கானது. தட்டையான தயால் படலத்துக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

13. படத்தைப் பார்த்தே பிழை பிடிக்க

மாதிரி நுழைந்த கணமே எல்லாப் புள்ளியும் ஒன்றாக ஏறி, பஃபர் வந்த கணமே ஒன்றாக இறங்கினால் அது பஃபர் பொருந்தாமை. கட்டுப்பாட்டுப் புள்ளி மெல்ல ஏறி இறங்காமல் நின்றால் குறிப்பற்ற ஒட்டல், ட்வீனை 0.05 சதவீதமாக்கிப் பாருங்கள்.

புள்ளி வடைபோல் ஓரம் தடித்து நடு வெளுத்திருந்தால் உலர்ந்திருக்கிறது. பெட்டியின் ஈரத்தைக் கூட்டவும்.

பிணைப்பு நிகழ வேண்டிய நேரத்தில் புள்ளி கறுத்தால் வேலைக் கோணம் பள்ளத்தின் மறுபக்கச் சரிவில் இருக்கிறது. அரிதாக, புரதம் மிகத் தடிமனாகப் படிந்த புள்ளி ஒன்று மட்டும் வேறுபடும்: மற்றவை மெல்ல வெளுக்கும், அது ஏற்கெனவே உச்சத்தில் நின்று அசையாது. அதைத் தரவிலிருந்து விலக்கிவிடலாம்.

நகரும் இணைக்கோடுகள் தெரிந்தால் பொருத்தத் திரவத்தைப் பாருங்கள். ஓரத்தில் உலர்ந்து, படலம் மெலிந்துகொண்டிருக்கும். ஓட்டத்தின் நடுவில் இதற்குத் தீர்வு இல்லை; சில்லை எடுத்து, துடைத்து, புதிதாக 2 மைக்ரோலிட்டர் வைத்து, 6ஆம் படியிலிருந்து மீண்டும் வர வேண்டும்.